ஆண் மரத்துக்கு ஜாமீன்

காய்க்காத மரத்தை மிரட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் அரிவாளோடு போய், பட்டையில் நோகாமல் ஒரு கொத்துப் போட்டு, "என்ன, இந்த வருசமும் சும்மாதான் நிக்கப் போறியா? வெட்டிருவேன் பாத்துக்கோ" என்று அதட்ட வேண்டும். இன்னொருவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, "விட்டுருங்க, பாவம், அடுத்த வருசம் காய்க்கும்" என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்து காய்த்துவிடும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் வீட்டுக்காரர் அதட்டுவார், வீட்டுக்காரி கெஞ்சுவாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் இருவரும் காப்பி குடிக்க உள்ளே போய்விடுவார்கள். மரமும் தன் பாட்டைப் பார்க்கும்.

மேலகரத்தில் எங்கள் தெருவில் மட்டும் கெஞ்சுவதற்கென்றே தனியாக ஓர் ஆள் இருந்தாள். எனக்கு உறவில்லை. தெருவே அத்தை என்றது, நானும் அத்தை என்றேன். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஜாமீன் அத்தை என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். வெளியூர்க்காரர் யாராவது வீடு தேடிவந்தால், "வெறும் அத்தைன்னு கேட்டா தெருவுல பத்துப் பேரு திரும்பிப் பாப்பாளுவ. ஜாமீன் அத்தைன்னு கேட்டு வாங்க" என்று அவளே வழி சொல்வாள்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், மற்றவர்கள் "காய்க்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அத்தை கூடவே ஒன்று சேர்ப்பாள். "காய்க்கும். நான் பொறுப்பு."

சொன்னால் சொன்னதுதான். அதட்டியவர் போன பிறகும் அவள் போகமாட்டாள். மரத்தோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசுவாள். அதன் பிறகு வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வந்து அண்ணாந்து பார்ப்பாள். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிற வழியில்கூட, பிணை நின்ற மரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவாள். ஒருமுறை எங்கள் வீட்டு மாமரம் அவள் பேச்சைக் காப்பாற்றவில்லை. கோடை முடிகிற சமயத்தில் தென்காசி சந்தையிலிருந்து ஒரு பை நிறைய மாங்காய் வாங்கிவந்து எங்கள் வாசலில் வைத்தாள்.

"என்ன அத்தை இது?" என்று அம்மா கேட்டாள்.

"உங்க மரம் குடுக்கச் சொல்லிச்சு."

"அது ஒட்டு மாங்காயில்லா? எங்க மரம் நாட்டு மரம்."

"மரம் குடுக்கச் சொன்னதை வாங்கிக்கிடாம குறை சொல்லுதியே" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

அத்தைக்குப் பிழைப்பு குற்றாலத்தில். மெயின் அருவிக்குப் போகிற வழியில் துண்டு, அரை டிரவுசர், சீயக்காய், ஷாம்பு பாக்கெட் விற்கிற சின்னக் கடை. ஒரு துண்டு வாங்குகிறவர்கள் கூடவே செருப்பு, பை, செல்போன் எல்லாவற்றையும் கடையில் வைத்துவிட்டு, "பாத்துக்கிடுங்க" என்று போவார்கள். அவர்களுக்கு அது சும்மா ஒரு வார்த்தை. அத்தைக்கு அது கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்த மாதிரி. ஒரு சாரல் நாளில் புனலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், "சேச்சி, இதொன்னு நோக்கிக்கோணே" என்று மலையாளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு பையைக் கொடுத்துவிட்டு அருவிக்குப் போனவர், நண்பர்கள் இழுத்த இழுப்பில் ஐந்தருவி, பழைய அருவி என்று சுற்றப் போய்விட்டார். மற்ற கடைகள் எல்லாம் அடைத்த பிறகும் அத்தை நனைந்த குடையின் கீழே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக அவர் வந்து சேர்ந்ததும் பையை நீட்டி, "உள்ள சிப்ஸ் நமுத்துப் போச்சு. அதுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை" என்றாள்.

ஆட்கள் விட்டுப்போன ஒற்றைச் செருப்புகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தாள். ஒற்றைச் செருப்பைத் தேடி மதுரையிலிருந்து யார் வருவார் என்று கேட்டால், "வந்தா?" என்பாள்.

எனக்கும் அவள் ஜாமீன் நின்றிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டிய வேகத்தில் பிளஸ் டூ வேதியியலில் இடறி விழுந்தேன். அப்பா மர டிப்போவில் லோடு ஏற்றுபவர். நாளைக்கே என்னையும் டிப்போவுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்து, முற்றத்தில் தென்னை மட்டையைக் கீறிக்கொண்டே என்னை ஏசிக்கொண்டிருந்தார். கையில் அரிவாள். அந்த வழியாகப் போன அத்தைக்கு அந்தக் காட்சி போதுமானதாக இருந்தது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுருங்கண்ணே, பாவம். அடுத்த வருசம் காய்ச்சிருவான். நான் பொறுப்பு."

"அவன் என்ன மரமா?" என்றார் அப்பா.

"மரம்னா வெட்டிப் போட்டா வெறகாவது ஆவும். இவனை வெட்டி என்னத்துக்கு ஆவுது? படிக்கட்டும், விடுங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஏசுவது எப்படி? என்னை விட்டுவிட்டார். ஆனால் அத்தை விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை தெரியும். "என்ன மருமவனே, பூ விட்டாச்சா?" பஸ் ஸ்டாண்டில் என் நண்பர்கள் நடுவில் நிற்கும்போது கேட்பாள், காசி விசுவநாதர் கோயில் பிராகாரத்தில் கேட்பாள். மறுதேர்வில் பாஸானதைச் சொன்னபோது, "பிஞ்சு பிடிச்சிருக்கு" என்றாள். அதோடு ஜாமீன் தீர்ந்தது என்று நினைத்தேன். பி.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்தேன், முடித்தேன். அப்போதும் பிஞ்சுதான். எம்.எஸ்ஸி. சேர்ந்தபோதுதான், "கொஞ்சம் திரண்டிருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

எம்.எஸ்ஸி.க்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வு, ஆண் மரமும் பெண் மரமும் வறட்சியை எப்படி வேறு வேறு விதமாகத் தாங்குகின்றன என்பது. குற்றாலத்தில் அதற்குத் தோதான மரம் ஜாதிக்காய். ஒரு மரம் ஆணாக இருக்கும், இன்னொன்று பெண்ணாக இருக்கும், பெண்தான் காய்க்கும். ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் கொல்லையில் அவருடைய அப்பா நட்ட இரண்டு ஜாதிக்காய் மரங்கள் நின்றன. ஒன்று நன்றாகக் காய்த்தது. அண்ணாச்சி வீட்டம்மா அதன் காய்த்தோலில் போட்ட ஊறுகாயை லாட்ஜில் தங்க வருகிறவர்கள் கேட்டு வாங்கிப்போவார்கள். மற்றொன்று காய்த்ததே இல்லை. அது நின்றது, நான்கு கார் நிறுத்தக்கூடிய இடத்தில்.

ஓர் ஆடி மாதக் காலை, நான் அந்த மரத்தில் ஏணி போட்டு இலைகளின் அடிப்பக்கம் நகப்பாலிஷ் பூசிக்கொண்டிருந்தேன். பாலிஷ் காய்ந்ததும் டேப் ஒட்டி உரித்தால் இலைத்துளைகளின் அச்சு அப்படியே வந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணலாம். அப்போது அண்ணாச்சி அரிவாளோடு வந்தார். அவர் பின்னாலேயே, லாட்ஜில் துண்டு கொடுக்க வந்திருந்த அத்தையும் வந்தாள்.

அண்ணாச்சி மற்றவர்களைப் போல நோகாமல் கொத்தவில்லை. சாறு வடிகிற மாதிரியே ஒரு வெட்டுப் போட்டார். "வாறவன் எல்லாம் ரூம் எப்படின்னு கேக்கல, பார்க்கிங் இருக்கான்னு கேக்கான். இவரு இங்கன ராசா கணக்கா நிக்காரு. அறுத்து எறிஞ்சிர வேண்டியதுதான்."

அத்தை பாய்ந்து கையைப் பிடித்தாள். "விட்டுருங்கண்ணாச்சி. அடுத்த சீசனுக்குள்ள காய்ச்சிரும். நான் பொறுப்பு."

ஏணியின் மேலிருந்து நான், உண்மையைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்து, "அத்தை, அது ஆண் மரம்" என்றேன்.

அத்தை அண்ணாச்சியின் கையை விட்டுவிட்டு ஏணியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏலே, அதை முன்னாலயே சொல்லக் கூடாதாலே?"

"நீங்க கேக்கலையே."

அண்ணாச்சி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். அவருக்கு அத்தை மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. வாசலில் நின்ற பலா மரத்தை அவர் வெட்டப் போனபோதும் அவள்தான் தடுத்தாள். அது பிறகு காய்த்தும் தொலைத்தது. "சரிம்மா ஜாமீனு. ஆம்பள மரம் காய்க்கும்னு சொல்லிட்ட. அடுத்த ஆடி வரைக்கும் டைம். காய்க்கலேன்னா இது போவும். அது மட்டுமில்ல, அதுக்கப்புறம் நீ எந்த மரத்துக்கும், எந்த வீட்டுலயும் வாயைத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

அத்தை என்னைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், அதன் இலையில் பளபளத்த ரோஸ் நிற நகப்பாலிஷைப் பார்த்தாள்.

"சம்மதம்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் எடுத்துச் சொன்னேன். அந்த மரம் தேவைகூட இல்லை, பக்கத்து லாட்ஜிலேயே வேறோர் ஆண் மரம் இருக்கிறது, மகரந்தத்துக்கு அது போதும். ஆண் மரத்தைக் காய்க்கச் சொல்வது நடக்கிற காரியம் இல்லை.

"பேசினதைத் திரும்பி வாங்க முடியாது. நீ அந்தப் பாலிஷை விடாம போட்டுக்கிட்டு வா. ஒருவேளை பொண்ணா மாறினாலும் மாறும்."

அந்த வருடம் பார்த்து மழை பொய்த்தது. ஐப்பசியில் பெய்ய வேண்டியதும் பெய்யவில்லை, கோடை மழையும் எட்டிப் பார்க்கவில்லை. அருவிப் பாறை காய்ந்து, குளிக்க வருகிறவர்களின் இடத்தில் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்தன. ஊரே வருந்திய அந்த வறட்சியில் எனக்கு மட்டும் ஆய்வு ஓடியது. அதைச் சந்தோஷம் என்று வெளியே சொல்லவும் முடியாது.

அண்ணாச்சி கொல்லையில் நடந்தது பாடப்புத்தகத்தில் எழுதியிருந்த மாதிரியே நடந்தது. பெண் மரம் இலை பழுத்து, பிஞ்சுகளை ஒவ்வொன்றாக உதிர்த்தது. ஆண் மரம் கரும்பச்சையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. அத்தைக்கு விளக்கினேன். காயை வளர்ப்பது பெரிய செலவு. பெண் மரம் இருக்கிற தண்ணீரையும் சத்தையும் காய்களுக்கும் பங்கு வைக்க வேண்டும். ஆண் மரம் பூத்து உதிர்த்துவிட்டுச் சும்மா இருந்துகொள்ளும். அதனால் வறட்சி வந்தால் பல மரவகைகளில் பெண்தான் முதலில் வாடுகிறது. எல்லாவற்றிலும் அப்படி இல்லை, சிலவற்றில் மாறியும் நடக்கும்.

அத்தை பொறுமையாகக் கேட்டாள். "இதுக்காலே யுனிவர்சிட்டிக்குப் போற? நம்ம தெருவுல நாலு வீட்டை எட்டிப் பாத்தாப் போதுமே."

அன்றே கடையிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து பெண் மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். நான் பதறினேன். "அத்தை, தண்ணி ஊத்தினா என் அளவெல்லாம் கெட்டுப்போவும்."

"உன் அளவுக்காக அது சாவணுமா?"

நான் அந்த மரத்தை என் ஆய்விலிருந்து எடுத்துவிட்டு, இலஞ்சியில் வேறொரு பெண் மரம் தேடிக்கொண்டேன். கைடிடம் காரணம் சொன்னபோது, "அந்த அம்மாவையும் ஒரு சுற்றுச்சூழல் காரணியாக எழுதிவிடு" என்றார்.

ஆண் மரத்துக்கு அத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. ஏச்சுதான். "வாட்டசாட்டமா நிக்கியே, வெக்கமா இல்ல? பக்கத்துல ஒருத்தி வதங்குதா, நீ தளதளன்னு நிக்க." ஏச்சுக்கும் அசையாததால் அடுத்த வைத்தியத்துக்குப் போனாள். காய்க்காத மரத்தில் செருப்பைக் கட்டினால் ரோஷம் வரும் என்பார்கள். அத்தையிடம் சாக்கு நிறைய ஒற்றைச் செருப்பு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது மரத்தின் கீழ்க்கிளைகள் முழுவதும் லெதர், ரப்பர், ஒரு குழந்தையின் பீப்பீச் செருப்பு உட்படத் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். "தம்பி, உங்க அத்தைகிட்ட சொல்லிவைங்க. ரூம் எடுத்தவன் ரெண்டு பேரு அதை வேண்டுதல் மரம்னு நெனச்சி அவன் செருப்பையும் கட்டிட்டு வெறுங்காலோட ஊருக்குப் போயிருக்கான். ஒருத்தன் தேங்கா உடைச்சிருக்கான்."

ஆடி நெருங்கியது. பேருக்குக்கூடச் சாரல் இல்லை. ஆள் வராத வருடத்தில்தான் லாட்ஜ்காரர்களுக்குக் கட்டட யோசனை வரும். அண்ணாச்சி மரம் அறுக்கிற மெஷின்காரரை வரச்சொல்லிவிட்டார். அதற்கு முந்திய வாரம் தெருவில் ஒருவர் தன் சப்போட்டாவை அதட்டப் போகிறேன், வாருங்கள் என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை போகவில்லை. "உங்க வீட்டுக்காரியவே சொல்லச் சொல்லுங்க" என்று கதவை ஒருக்களித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

குறித்த நாள் காலையில் மெஷின்காரர், அண்ணாச்சி, வீட்டம்மா, நான் எல்லோரும் கொல்லையில் கூடினோம். அத்தை எங்களுக்கு முன்பே வந்து, ஒன்றும் நடக்காதது போல மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஆரம்பிக்கட்டுமா?" என்றார் அண்ணாச்சி.

அத்தை வாய் நிறைய வெற்றிலையோடு விரலை மட்டும் மேலே காட்டினாள்.

நடுக்கிளையின் ஓரத்தில், மஞ்சளாக, கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஜாதிக்காய்.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். பிறகு பெண் மரத்தைப் பார்த்தார். "நேத்து சாயந்திரம் அதுல மூணு காய் தப்பிக் கெடந்துது. இன்னைக்கு ரெண்டுதான் கெடக்கு" என்றார் மெதுவாக. "தம்பி, நீதான் படிச்ச ஆளு. ஏறிப் பாத்துச் சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்கிடுதேன்."

ஏணியில் ஏறினேன். செருப்புகளை விலக்கிக்கொண்டு போய்க் காயின் பக்கம் முகத்தை வைத்துப் பார்த்தேன். காம்பைக் கிளையோடு சேர்த்து நூல் சுற்றியிருந்தது. சிவப்பு நூல். ஆய்வுக்கு எடுத்த இலைகளை அடையாளம் வைக்க நான் பையில் வைத்திருக்கும் அதே நூல். முடிச்சுகூட நான் போடுகிற முடிச்சு; என்னைப் பார்த்துத்தான் பழகியிருக்க வேண்டும்.

கீழே பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. மெல்லுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

எனக்காக அப்பாவின் கையைப் பிடித்தவள். நான் வாயைத் திறந்தால் மரமும் போகும், அவள் வாயும் அடைபடும். திறக்காவிட்டால் என் படிப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, இது நூல் போட்டுக் கட்டினது" என்றேன்.

அண்ணாச்சி மெஷின்காரர் பக்கம் திரும்பினார்.

"என் நூல்தான்" என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"இழுத்து விடுப்பா மெஷினை" என்றார் அண்ணாச்சி.

மெஷின் ஒருமுறை உறுமியது. கட்டிய காயையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிச்சை அவிழ்க்கக் கிளையை வளைத்தேன். வளைத்ததும் உள்பக்கத்து இலைக்கொத்து விலகியது. அதன் பின்னால், தண்டை ஒட்டிய நிழலில், கீழே நிற்கிற யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இன்னொன்று தொங்கியது. முற்றி, நடுவில் கோடு விழுந்து வெடித்திருந்தது. பிளவுக்குள் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஜாதிபத்திரி.

நூல் இருக்கிறதா என்று காம்பைத் தடவினேன். இல்லை. லேசாக இழுத்தேன். வரவில்லை.

"அண்ணாச்சி, மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. இது கட்டினது. ஆனா உள்ள ஒண்ணு இருக்கு. அது கட்டலை."

அண்ணாச்சி நம்பவில்லை. என்னை இறங்கச்சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். ஒரு பீப்பீச் செருப்பு அவர் தோளில் இடித்து 'பீ' என்றது. அப்புறம் இலைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆமா. மரத்தோட இருக்கு."

ஜாதிக்காயில் ஆண் மரம் அபூர்வமாக ஒன்றிரண்டு பெண் பூ விடுவது உண்டு என்று நான் படித்திருந்தேன். கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

இறங்கி வந்த அண்ணாச்சி வேட்டியை உதறிக்கொண்டே கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். "அது சரிம்மா. கள்ளக் காய் கட்டினியே, அதுக்கு என்ன சொல்லுத?"

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக எழுந்தாள். "கள்ளக் காயா? அது மாதிரிக்குக் கட்டினதுல்லா. ஆம்பள மரம், இதுவரைக்கும் காயைக் கண்டிருக்கா? இப்படித்தாம்லே காய்க்கணும்னு காட்டிக் குடுத்தேன். பாத்துக்கிட்டுது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அத்தை, நீங்க கட்டினது நேத்து ராத்திரி. அந்தக் காய் முத்துறதுக்கே பல மாசம் ஆகியிருக்கும்."

"பாத்தியளா" என்றாள் அண்ணாச்சியிடம். "நான் பொய் சொல்லப் போறேன்னு அதுக்கு அத்தனை மாசம் முன்னாலயே தெரிஞ்சிருக்கு. மானஸ்தன்."

மெஷின்காரர் சிரித்து மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டம்மா கட்டிய காயை ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஒரு காய் எதனால் வந்தது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அண்ணாச்சி தன் வெட்டு என்கிறார். வீட்டம்மா செருப்பு என்கிறாள். அத்தை கடைசிவரை என்னுடைய ரோஸ் நகப்பாலிஷ் என்றே ஊரெல்லாம் சொல்லிவந்தாள், எனக்குப் பெண் பார்க்கப் போன இடம் உட்பட. நான் ஆய்வேட்டில் 'ஓர் ஆண் மரத்தில் ஒரு காய் காணப்பட்டது. வறட்சிதான் காரணம் என்று இதைக் கொண்டு சொல்ல இயலாது' என்று எழுதினேன். அதை அத்தைக்கு வாசித்துக் காட்டியபோது, "இவ்வளவு படிச்சும் சொல்ல இயலாதா?" என்று வருத்தப்பட்டாள். ஆனாலும் அன்றைக்குத்தான் அப்பாவிடம் போய், "அண்ணே, உங்க பையன் காய்ச்சுட்டான். என் ஜாமீன் தீந்துது" என்றாள்.

சில வருடங்களுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை மரம் பார்த்துவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தெருவே கூடியிருந்தது. அண்ணாச்சி முன்வரிசையில் நின்றார்.

நான் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அந்த மரம் அதற்குப் பிறகு ஒரு காய்கூட விடவில்லை. விட வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. போன ஆடியில் ஆய்வகத்தில் இருக்கும்போது அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, அரிவாளோட நின்னுக்கிட்டு இருக்கேன். பார்க்கிங் பிரச்சினை முன்னைக்கு இப்ப ரொம்ப மோசம். வெட்டிரலாம்னு இருக்கேன்."

"சரி அண்ணாச்சி."

"என்ன சரி? வெட்டிருவேன்னு சொல்லுதேன்லா."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏலே, ஒத்த ஆளா இதைச் செய்ய முடியாதுடா. அதட்டிட்டேன், இப்ப கையைப் பிடிக்க ஆளில்லை. வீட்டுக்காரி, வெட்டுனா வெட்டுங்கன்னு உள்ள போயிட்டா. வெட்டியாகணுமேலே. ஸ்பீக்கர்ல போடுதேன். மரத்துப் பக்கத்துல வைக்கேன். சொல்லு."

என்னைச் சுற்றிலும் மைக்ராஸ்கோப்புகள். எதிர்மேசையில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"விட்டுருங்கண்ணாச்சி, பாவம். அடுத்த வருசம் காய்க்கும்."

அந்தப் பக்கம் அவர் இன்னும் காத்திருந்தார். இலைகள் அசைகிற சத்தம் கேட்டது.

"நான் பொறுப்பு" என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ஒரு தடவை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.